கோபுரத்துக்கும் கூரைக்கும் நடுவில் எத்தனை விரல்

இந்த நாட்டில் ஒருவர் தெருவோரம் குந்தியிருந்து படம் கீறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது இன்னும் பழகவில்லை. நான் வேலைக்குப் போகும் வழியில், இத்தாலியின் வெரோனா நகர ஆற்றுப் பாலத்தடியில், ஒரு பெண் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்து பாலத்தைக் கீறிக்கொண்டிருப்பாள். சனம் பக்கத்தால் போகும், சைக்கிள் போகும், ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எங்கட கரையில் ஒருத்தன் தாளும் பென்சிலுமாக இப்படிக் குந்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அரைவாசி ஊர் நிற்கும். "எந்த ஒஃபிஸ்? யார்ட காணியை அளக்கிறீங்க?" என்று கேட்கும். கற்பிட்டிப் பக்கம் கடற்கரையில் தாளோடு நிற்கிறவன் என்றால் அவன் ஹோட்டல்காரனுக்குக் காணி பார்க்க வந்தவன். அவன் கோடு கீறிப் போன பிறகு வேலி வரும், வேலிக்குப் பிறகு காவல்காரன் வருவான், பிறகு நாங்கள் எங்கட கடலுக்கே சுற்றிப் போக வேண்டும். ஆகவே நான் படம் கீறத் தொடங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னபோது என் தம்பி ஜூட் முதலில் கேட்டது, "யாருக்கு?" என்பதுதான். எனக்குத்தான் என்றேன். "உங்களுக்கென்ன விசரா அண்ணே?" என்றான்.

விசர்தான். இல்லையென்று சொல்லவில்லை. நான் இங்கே தண்ணீர்ப் போத்தல் ஏற்றி இறக்கும் ஒரு மகசீனோவில், எங்கட பாசையில் ஸ்டோரில், வேலை செய்கிறேன். போத்தல் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு பெரிய மட்டை வைத்து வரும். சாம்பல் நிறம், நல்ல நீளம், ஒரு பக்கம் வழுவழுப்பு. இறக்கியதும் அதைக் குப்பையில் எறிவார்கள். கனகாலம் நானும் எறிந்தேன். ஒருநாள் ஏனோ மனம் வரவில்லை, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊரில் எனக்கு ஓய்ந்திருக்கிற கை இருந்ததே இல்லை. கடலால் வந்தால் வலை, வலை இல்லையென்றால் என்ஜின், ஒன்றுமில்லையென்றால் கயிறு. இங்கே வேலை முடிந்து வந்து கதிரையில் இருந்தால் கை என்னைக் கேட்கும், இனி என்ன என்று. தொலைக்காட்சி பார்த்தேன், சரிவரவில்லை. எதிர் பல்கனியில் ஒரு கிழவர் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், இத்தனை வருசத்தில் ஒருநாளும் அவர் எனக்குத் தலையசைத்ததில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் இருக்கிறது? அந்த மட்டையைக் குசினி மேசையில் விரித்து, பலகையில் அடையாளம் போடுகிற தடித்த பென்சிலால் கீறத் தொடங்கினேன். என் மனைவி ஸ்டெலா எட்டிப் பார்த்தாள். "கீறி முடிஞ்சா அந்தக் கையால இந்த வெங்காயத்தையும் வெட்டித் தாங்க" என்றாள்.

என்ன கீறுவது என்று நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்க் கரையைக் கீறியது. ஊர் ஏக்கத்தில் அழுது வடிந்துகொண்டு கீறினேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஊரை விட்டுத் தப்பினால் போதும் என்று வெளிக்கிட்டவன். ஆனால் மட்டை நீளமாக இருந்தது, எனக்குத் தெரிந்த நீளமான சாமான் அந்தக் கரை ஒன்றுதான். எத்தாளைக்குக் கிட்ட, கடல் பக்கத்தில், எங்கட ஊர். மணல் மேடு, தென்னைகள், ஐஸ் கம்பனியின் தகரக் கூரை, மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம், அதற்கு முன்னால் ஒற்றைப் பனை. எல்லாம் ஒரு விரல்கடை உயரத்தில், ஒரே வரிசையில், கடலுக்குள் நின்று பார்த்தால் தெரிகிற மாதிரி.

இரண்டாவது மட்டையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மகசீனோவில் வைத்துக் கீறினேன். கூட வேலை செய்கிற தாரியோ வந்து பார்த்தான். "தோவே இல் மாரே?" என்றான். கடல் எங்கே என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான், படத்தில் கரைக்கு முன்னால் இருப்பதெல்லாம் வெறும் மட்டை. எனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளக்கினேன்: நாங்கள் நிற்கிறதே கடலுக்குள், போட்டில், கரை தூரத்தில் தெரிகிறது. அவனுடைய முகம் மாறியது. என் தோளில் கையை வைத்து, "கொராஜ்ஜோ" என்றான், தைரியமாக இரு என்று. எதற்கு இவ்வளவு தைரியம் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் தொடங்கியது கூத்து. நாள் முழுக்கக் கத்துகிற கபோ, அதுதான் எங்கட மேலாள், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருத்தி கோப்பி வாங்கித் தந்தாள். இன்னொருத்தன் குளிருக்குப் போடுகிற நல்ல ஜக்கெட் ஒன்று கொண்டுவந்து தந்தான். பிறகுதான் விளங்கியது, நான் அகதியாகக் கள்ளப் போட்டில் ஏறிக் கடலைத் தாண்டி வந்தேன் என்றும், தண்ணீருக்குள் தவித்தபோது தெரிந்த கரையைத்தான் கீறுகிறேன் என்றும் அவர்கள் நினைத்துவிட்டார்கள். மாதாவே! நான் விசா எடுத்து, பிளேனில் கோழிச்சோறு சாப்பிட்டு வந்து இறங்கியவன். அதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தாரியோ கண்ணை மூடித் தலையாட்டினான், பாவம், இன்னும் வெளியில் சொல்ல முடியாமல் இருக்கிறான் என்கிற மாதிரி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் ஜக்கெட் அளவாக இருந்தது, போட்டுக்கொண்டேன்.

கடலுக்குள் நின்று நாங்கள் கரையை ஏன் அப்படிப் பார்த்தோம் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? கடலடியில் கல்லுப்பார், அதுதான் பாறைத் திட்டு, இருக்கிற இடத்தில்தான் கலவாயும் விளைமீனும் நிற்கும். சுற்றிவர வெறும் மண். அப்பாவுக்கு ஒரு பார் தெரியும், ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. கோயில் முற்றம் அளவுதான் இருக்கும். தண்ணீருக்கு மேலே எந்த அடையாளமும் கிடையாது. அடையாளம் கரையில். கோபுரத்துச் சிலுவை ஒற்றைப் பனையின் தலையில் வந்து குந்த வேண்டும். அதோடு கையை நேராக நீட்டிப் பார்த்தால், கோபுரத்துக்கும் ஐஸ் கம்பனிக் கூரைக்கும் நடுவில் அப்பாவின் விரல்கள் கணக்காக அடங்க வேண்டும். கரைக்குக் கிட்டப் போனால் இடைவெளி அகலும், வெளியே போனால் ஒடுங்கும். இரண்டும் சேர்ந்து சரிவந்தால் கல்லைப் போடு என்பார். அவர் சொல்லித் தருகிற மனுசன் இல்லை, திட்டுகிற மனுசன். அதைப் பேப்பரில் எழுதக்கூடாது, போனில் போடக்கூடாது, போட்டில் வேறு ஆள் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. நான் போட்டின் முன்னணியத்தில் நங்கூரக் கல்லோடு நிற்பேன். விரல் பிடித்துப் பார்ப்பது அவருடைய வேலை. நான் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணியிருந்தாலும் பிரயோசனமில்லை, அவருடைய ஒரு விரல் எனக்கு ஒன்றரை. ஆனால் அந்தக் காட்சி எனக்குப் பாடம். நான் இங்கே வந்த அடுத்த வருசம் அவர் போய்ச் சேர்ந்தார். என்னிடம் அப்போது விசாப் பேப்பர் சரியாக இல்லை, போக முடியவில்லை.

மூன்றாவது மட்டையில்தான் எனக்கு ஆசை பிடித்தது. இவ்வளவு நாளும் ஏதோ கை அரிப்புக்குக் கீறியவன், இப்போது நல்லாகக் கீற வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். இணையத்தில் படம் கீறச் சொல்லித்தருகிற காணொளிகள் பார்த்தேன். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், நல்ல பொறுமைசாலி, முக்கியமான சாமானை ஓரத்தில் வைக்காதே, பட்டென்று நடுவிலும் வைக்காதே, மூன்றில் ஒரு பங்கு தள்ளி வை, அப்போதுதான் கண் அதில் போய் நிற்கும் என்றார். என்னுடைய படத்தைப் பார்த்தேன். கோபுரமும் பனையும் ஐஸ் கம்பனிக் கூரையோடு நெருக்கிக்கொண்டு ஓரத்தில் கிடந்தன. அழித்துவிட்டு, இரண்டையும் நல்லாகத் தள்ளி வைத்துக் கீறினேன். அடடா, என்ன வடிவு! ஸ்டெலாவே வந்து கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். அந்தப் பெருமையில் அதைப் படம் எடுத்து எங்கட ஊர் ஆக்கள் எல்லாரும் இருக்கிற போன் குரூப்பில் போட்டேன். கோயில் கூட்டம், மரண அறிவித்தல், மீன் விலை எல்லாம் வருகிற குரூப். பூவும் கைதட்டலுமாக வந்து விழுந்தது. என்னை அறியாதவர்கள்கூட வாழ்த்தினார்கள். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

பின்னேரம் ஜூட் எடுத்தான். கோபம் வந்தால் அவனுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். "என்ன வேலை செஞ்சிருக்கிறாய்? அப்பாட இடத்தை ஊருக்கே காட்டிட்டியே! சிலுவையும் பனையும் கூரையும் வச்சுக் கீறினா பாக்கிறவனுக்கு விளங்காதா? எல்லாரும் கடலுக்குப் போற ஆக்கள்தானே?" என்று கத்தினான். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. எனக்கு அது படம். அவனுக்கு அது சீவியம். ஜூட் சின்ன வயதிலேயே கட்டார் போனவன், அங்கே வருசக்கணக்காகப் பாரவண்டி ஓட்டி, போன வருசம்தான் திரும்பி வந்து, உழைத்ததை எல்லாம் புது என்ஜினில் போட்டான். கரைக்குக் கிட்ட மீன் இல்லை, தூரம் போக எண்ணெய் விலை விடாது. அப்பாவின் பார் ஒன்றுதான் அவனுடைய நம்பிக்கை. "சரி, அந்தப் பனை இப்ப நிக்குதா?" என்று சும்மா பேச்சை மாற்றக் கேட்டேன். அவன் சொன்னான், பனை இல்லை. ஹோட்டல்காரன் தறித்துவிட்டான். வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற விளையாட்டுக்குக் கரை வெளியாக இருக்க வேண்டுமாம். வேரையும் கிண்டி, மேட்டையும் தட்டி, மேலே நீச்சல் குளம். பனை எங்கே நின்றது என்று ஊரில் கேட்டால் ஒருத்தர் குளத்தடி என்கிறார், இன்னொருத்தர் கேற்றடி என்கிறார். குரூப்பிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். அவன் பத்து நாள் கதைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தான். எங்கட ஆக்கள் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை, பூசை முடிந்து வீட்டில் இருப்பான். சிரிப்பு அடக்க முடியவில்லை அவனுக்கு. "அண்ணே, அல்போன்ஸ் மாமா உங்கட படத்தைப் பாத்துப் போயிருக்கிறார்!" என்றான். அல்போன்ஸ் மாமா எங்கட பக்கத்து வளவு, அப்பாவோடு ஆயுள் முழுக்கப் போட்டி போட்டவர். படத்தில் கோபுரத்தின் உயரத்தையும் இடைவெளியையும் ஒத்துப் பார்த்து, போட்டைக் கொண்டுபோய் நிறுத்தி, கயிற்றில் ஈயக்கட்டியை இறக்கிப் பார்த்தாராம். மண். நாள் முழுக்க அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி இறக்கினாராம். எல்லாம் மண். கரைக்கு வந்து வாயைத் திறக்கவில்லை, கூடப் போனவன்தான் சொல்லிவிட்டான். "சரியான ஆள் அண்ணே நீங்க! வேணுமெண்டே பிழையாக் கீறிப் போட்டிருக்கிறீங்க. நான் விளங்காமக் கத்திட்டன், மன்னிச்சுக்கோங்க." அப்பா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்றும் சொன்னான். நான் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "பனை போனாலும் பரவாயில்ல. கூரையும் கோபுரமும் நிக்குதுதானே? இப்ப எனக்கு மட்டும் சரியான படத்தை அனுப்புங்க. நான் அப்பாவோட ரெண்டு மூண்டு தரம்தான் போனன், பனை மட்டும்தான் நினைவிருக்கு. நடுவில எத்தனை விரல் அண்ணே?"

பின்னேரம் அனுப்புகிறேன் என்று போனை வைத்தேன். மட்டையை விரித்தேன். இதைச் சரிப்படுத்த எவ்வளவு நேரம் எடுக்கும், கோபுரத்தை இருந்த இடத்துக்கே திரும்பத் தள்ளினால் சரி என்று நினைத்தேன். பென்சிலை வைத்த இடத்தில் கை நின்றுவிட்டது. இருந்த இடம் எது? அழித்த தடம் மட்டையில் இல்லை, முதல் இரண்டு மட்டைகளும் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. கண்ணை மூடினேன். கரை வந்தது, கூரை வந்தது, கோபுரம் வந்தது, வந்து நான் கீறிய இடத்திலேயே நின்றது, மூன்றில் ஒரு பங்கு தள்ளி, வடிவாக. திரும்பத் திரும்பக் கண்ணை மூடினேன். அதே படம். இணையத்தில் எங்கட கரையைத் தேடினேன். ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது, பொழுது சாய்கிற படம், பட்டங்களின் படம், உடுப்பில்லாமல் படுத்திருக்கிறவர்களின் படம். எல்லாம் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தவை. கடலில் நின்று கரையைப் பார்த்து ஒருத்தன், ஒரேயொருத்தன், எடுத்திருக்கக்கூடாதா? அந்த மட்டையைக் கிழித்துப் போடலாமா என்று இருந்தது. என் கையாலேயே அந்த இடத்தைத் தொலைத்துவிட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அவனிடம் உண்மையைச் சொன்னேன். காணொளிக்காரரைப் பற்றியும் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "அப்ப உங்களுக்கும் தெரியாதா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். "அப்ப ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். எனக்கு அப்பா செத்த செய்தி வந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மகசீனோவில் இரவு வேலை இருந்தது, போய்ப் போத்தல் இறக்கினேன், அழவில்லை. இப்போது குசினியில் நின்று அழுதேன். ஸ்டெலா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து போனை என் கையிலிருந்து வாங்கினாள். "தம்பி, அவர் திரும்பக் கீறுவார். நீங்க போய்ப் பாருங்க. பிழையெண்டா இன்னொண்டு கீறுவார், வேற என்ன வேலை இவருக்கு?" என்று அவனிடம் சொன்னாள். எங்கட வீட்டில் முடிவு எடுப்பது அவள்தான்.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. ஒவ்வொரு கிழமையும் ஒரு மட்டை. வேறு எதையாவது கீறு, இந்த ஊர் ஆற்றையும் பாலத்தையும் கீறிப் பாரேன் என்று தாரியோ சொல்கிறான். இதை முடிக்காமல் நான் எப்படி மற்றதைக் கீறுவேன்? ஒரு கிழமை கோபுரத்தைக் கூரைக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன், மறு கிழமை கொஞ்சம் விலக்குகிறேன். ஒவ்வொன்றும் கீறி முடிந்ததும் இதுதான், சத்தியமாக இதுதான் என்று தோன்றுகிறது. ஞாயிறு படம் எடுத்து அனுப்புகிறேன், ஜூட் திங்கள் போய்ப் பார்க்கிறான். சோளகக் காற்றுத் தொடங்கினால் அந்தக் கடலில் ஓட முடியாது, அதற்குள் கிடைக்க வேண்டும். படம் இல்லாமலே அவன் ஈயக்கட்டியை இறக்கி இறக்கித் தேடலாம். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

போன திங்கள் வேலையில் நிற்கும்போது அவனுடைய குரல் பதிவு வந்தது. என்ஜின் நிறுத்தியிருந்தான், போட்டில் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஈயம் கல்லில் பட்டால் கையில் டக்கென்று தெரியும், மண்ணில் பட்டால் ஒன்றும் தெரியாது. நான் போத்தல் கட்டுகளுக்கு நடுவில் நின்று, காதோடு போனை அமத்திப் பிடித்து, அந்த டக்கைக் கேட்கப் பார்த்தேன், போனில் அது கேட்காது என்று தெரிந்தும். "மண்தான் அண்ணே" என்றான் ஜூட். "ஆனா கோபுரத்தில ஒரு வெடிப்பு இருக்கெல்லா, மணிக்குக் கீழ, அதையும் கீறியிருக்கிறீங்க. நான் இவ்வளவு நாளும் அதைப் பாக்கல்ல. இப்பதான் படத்தைப் பாத்து, நிமிந்து கரையைப் பாத்தன். அப்படியே இருக்கு. நல்ல படம் அண்ணே. அடுத்ததைக் கீறுங்க."

வீட்டுக்கு வந்து, மகசீனோ ஆக்கள் தந்த அந்த ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் புது மட்டையை விரித்தேன். இந்தத் தரம் கூரையை முதலில் கீறிவிட்டு, அப்பா செய்கிற மாதிரி எழும்பி நின்று கையை நேராக நீட்டி, மூன்று விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மூன்றா, மூன்றரையா? மட்டையில் பார்த்தால் சரிவரவில்லை, வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று யன்னல் பக்கம் திரும்பி, கையை அப்படியே வைத்துக்கொண்டு, கரையை நினைத்தேன். விரலுக்கு அங்கால் எதிர் பல்கனி. அந்தக் கிழவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் தன் கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். இத்தனை வருசத்துக்குப் பிறகு! நான் அவருக்கு வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனுசன். கையை இறக்கினால் அளவு போய்விடும். விரல் மூன்றையும் மடக்காமல், எங்கட கரையைப் பிடித்த பிடி விடாமல், அதே கையை அவருக்கு ஆட்டினேன்.